ஹாலும் ஆலும்: தவறாகக் கேட்டாலும் சரியாகச் செய்யும் குரல் உதவிக்கு என்ன தேவை

வட சென்னைத் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், இரவு பத்தரை மணிக்கு அத்தை குரல் உதவிக் கருவியிடம் "ஹால் லைட் ஆஃப்" என்று சொன்னால், மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வீடு முழுவதும் இருண்டுவிடும். பாத்ரூமில் இருக்கும் அப்பா உள்ளிருந்தே சத்தம் போடுவார். அத்தை, தான் சரியாகத்தான் சொன்னதாகச் சாதிப்பார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஹ' நம் நாவில் மெலிந்து மறைவது இயல்பு. 'ஹால்' அப்போது 'ஆல்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பழகிய கருவி அதை எல்லா விளக்குகளுக்கும் இட்ட கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. காதில் விழுந்ததை அது ஏறத்தாழ ஒழுங்காகவே எழுதியிருக்கிறது. ஒரே ஓர் ஒலி குறைந்ததற்காக ஒரு விளக்குக்குப் பதில் பதினொரு விளக்குகளை அணைக்கலாமா என்று அது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் சிக்கல்.

குரல் உதவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவை எவ்வளவு கூர்மையாகக் கேட்கின்றன என்பதிலேயே நின்றுவிடுகிறது. நல்ல ஒலிவாங்கி, பேச்சை எழுத்தாக்கப் பழக்கிய பெரிய மாதிரி (மாடல்), வேகமான இணையம் ஆகிய மூன்றும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. மனிதர்கள் நடமாடும் வீட்டில் தவறாகக் கேட்பது ஒழியப்போவதில்லை. ஆகவே தவறாகக் கேட்ட பிறகும் உரியதைச் செய்யவோ, உரியது எதுவென்று தெரியாதபோது தீங்கு செய்யாமல் நிற்கவோ கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திறனின் பெரும்பகுதி, எழுத்தாக மாறிய கட்டளையை வீட்டிலுள்ள பொருள்களின் பெயர்ப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கும் சிறிய நிரலில்தான் அமைந்திருக்கிறது.

ஒரு கட்டளை கடந்து வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் கருவி தன்னை அழைக்கும் விழிப்புச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதைக் கேட்டதும் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கி, பேச்சு முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துகிறது. பதிவான ஒலி எழுத்தாக மாறுகிறது. அந்த எழுத்திலிருந்து எந்தப் பொருள், என்ன செயல் என்பது பிரித்தெடுக்கப்பட்டு, செயல் நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பிழை நேரலாம். முன் கட்டத்தில் நேர்ந்த பிழையைப் பின் கட்டம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதே பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர்.

வட சென்னையின் ஒலிச்சூழல் இந்த வழியை மேலும் கரடுமுரடாக்குகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில்கள் கூவிக்கொண்டு போகின்றன. சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. இவை போதாதென்று தலைக்கு மேல் சீலிங் ஃபேன் எந்நேரமும் சுற்றுகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள்ளோ மொசைக் தரையும் காரைச் சுவரும் பேச்சைத் திருப்பி அனுப்பி ஒவ்வோர் அசையின் மீதும் அதன் எதிரொலியைப் பூசிவிடுகின்றன. அமேசான் தன் குரல் உதவிக் கருவியான எக்கோவின் முதல் பதிப்பில் 7 ஒலிவாங்கிகளை வட்டமாக அடுக்கியது, பேசுபவர் இருக்கும் திசையை அறிந்து மற்றத் திசைகளின் இரைச்சலைக் குறைப்பதற்காகத்தான். அந்த ஏற்பாடு உதவும். ஆனால் குக்கர் விசில் அடிக்கும் திசையிலேயே அம்மாவும் நின்றுகொண்டிருந்தால் திசையறிவால் பெரிய பயன் இல்லை.

மொழியின் பங்கு இதைவிடப் பெரியது. எக்கோ 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் பேசியது. 2019-இல் இந்தி கற்றுக்கொண்டது. ஆகவே நம் வீடுகளில் தமிழ் நாவால் ஆங்கிலக் கட்டளை இடும் வழக்கம் முதலில் படிந்தது. ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் திறந்த மாதிரிகள் வந்த பிறகு, தமிழிலேயே கட்டளையிட்டு வீட்டுக்குள்ளேயே அதைக் கையாளும் வழி பொழுதுபோக்காளர்களுக்கும் திறந்தது. விஸ்பரைப் பழக்கிய 6,80,000 மணி நேர ஒலியில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குக் கிடைத்தது மொத்தமே 1,17,000 மணி நேரம் என்பதை நினைவில் கொண்டால், அதன் தமிழ்க் காது ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கும். நம் பேச்சிலும் எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. எழுத்துத் தமிழில் 'போடேன்' என்றால் 'போடமாட்டேன்' என்று பொருள். எங்கள் அத்தை "லைட்ட கொஞ்சம் போடேன்" என்றால் அது கெஞ்சல். இலக்கணம் நன்றாகத் தெரிந்த கருவி இங்கே கூடுதலாகக் குழம்பினால் வியப்பில்லை.

பேச்சறிதலின் தரத்தைச் சொற்பிழை வீதத்தால் அளப்பது வழக்கம். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், இல்லாமல் நுழைந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, உண்மையில் சொல்லப்பட்ட சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். நீண்ட உரைக்கு இந்த அளவு பொருந்தும். நான்கு சொல் கட்டளைக்கு ஏமாற்றிவிடும். "கொஞ்சம் ஹால் ஃபேன் நிறுத்து" என்பதில் 'கொஞ்சம்' விடுபட்டாலும் 25 சதவீதப் பிழை, 'நிறுத்து' விடுபட்டாலும் அதே 25 சதவீதம். முன்னதால் யாருக்கும் நட்டமில்லை. பின்னதால் கட்டளையே காணாமல் போகிறது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால், இரைச்சலில் கேட்பது என்றால் என்ன என்று புரியும். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் வண்டிகளின் ஹாரனுக்கும் நடுவே கூடைக்கு விலை ஏறிக்கொண்டிருக்கும். ஏலம் விடுபவர் காதில் பாதிச் சொல்தான் விழும். ஆயிரத்து நூறுக்குப் பிறகு வந்த குரல் 'எரநூறு' என்று கேட்டால், அது ஆயிரத்து இருநூறு என்பதில் அவருக்கு ஐயம் வராது, ஏனென்றால் அந்தக் கணத்தில் வரக்கூடிய எண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. வீடும் அப்படிப்பட்ட சிற்றுலகம்தான். எங்கள் வீட்டில் குரலுக்குக் கட்டுப்படும் பொருள்கள் இருபத்து மூன்று. அவற்றோடு செய்யத்தக்க செயல்கள் ஏழெட்டு. கேட்ட எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் விடை இருநூறுக்கும் குறைவான இந்தச் சேர்க்கைகளுக்குள்தான் இருக்க வேண்டும். கருவி மொழி முழுவதையும் தேடத் தேவையில்லை.

இந்த எண்ணத்தைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றவர்களும் உண்டு. வீட்டுத் தானியக்கத்துக்கான திறந்த மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் 2023-ஐக் 'குரலின் ஆண்டு' என அறிவித்து அந்தத் துறையில் இறங்கியது. 2025-இல் அது வெளியிட்ட ஸ்பீச் டு ஃபிரேஸ் என்ற கூறு, வீட்டிலுள்ள பெயர்களிலிருந்து சொல்லத்தக்க தொடர்களை முன்கூட்டியே அடுக்கிவைத்து அவற்றை மட்டுமே கேட்கிறது. சிறிய கணினியிலும் வேகமாக ஓடும் என்பது இதன் வலிமை. இந்த வகை அமைப்பில் ஒரு தொல்லையும் உண்டு: வீட்டுக் கட்டளைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாத காது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி வசனத்தையும் ஏதோ ஒரு கட்டளையாகவே கேட்க முனையும். ஆகவே 'இவற்றில் எதுவும் இல்லை' என்று சொல்லும் வாய்ப்பையும் அதற்குத் தந்தாக வேண்டும்.

எழுத்தாக மாற்றிய பிறகு பட்டியலோடு பொருத்துவதே நம்மில் பலர் கையாளும் வழி. இதற்கு முதலில் நினைவுக்கு வருவது, 1965-இல் ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டெயின் முன்வைத்த திருத்தத் தொலைவு: ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்ற எண்ணிக்கை. தமிழில் இதை அப்படியே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. கணினிக்கு 'லைட்' என்பது ல, ஐகாரக் குறி, ட, புள்ளி என நான்கு குறியீடுகள். 'லைட்டு' ஆறு குறியீடுகள். எனவே தொலைவு இரண்டு. இப்போது 'லைட்டு', 'பாட்டு' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ல போய் ப வந்தது, ஐகாரக் குறி போய்க் கால் வந்தது. இங்கும் தொலைவு இரண்டு. குறியீடுகளை விட்டுவிட்டு முழு எழுத்துகளாக எண்ணினால் இரு இணைகளுக்கும் ஒன்று, ஒன்று என்று வருமே தவிர நிலைமை மாறாது. ஒரே பொருளின் இரு உச்சரிப்புகளும், விளக்கும் பாட்டும் என்ற இரு வேறு பொருள்களும் இந்த அளவுகோலுக்கு ஒரே தொலைவில் நிற்கின்றன. இந்தக் கணக்கை நம்பி "லைட்டு போடு" என்று சொன்னால், நள்ளிரவில் பாட்டு ஒலிக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே எழுத்தை ஒப்பிடும் முன் அதை ஒலியாக மடித்துக்கொள்ள வேண்டும். ஒலி ஒத்த பெயர்களை ஒரே அடையாளத்தின் கீழ் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1918-இல். அது ஆங்கிலப் பெயர்களுக்கானது. நமக்கு நம் மடிப்புகள் வேண்டும். சொல்லிறுதிக் குற்றியலுகரத்தையும் அதற்காக இரட்டித்த மெய்யையும் நீக்கினால் 'லைட்டு' 'லைட்' ஆகும். ர-ற, ந-ன-ண, ல-ள ஆகியவற்றை ஒவ்வொரு குழுவாக்கலாம். ழகரத்துக்கு எங்கள் பகுதியில் தனிக் கவனம் தேவை: வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆவதும், குழாய் 'கொயா' ஆவதும், இழுத்து 'இஸ்து' ஆவதும் அன்றாடப் பேச்சு. குறில் நெடிலாவதற்குச் சிறிய தண்டனையும், ல ப ஆவதற்குப் பெரிய தண்டனையும் வைத்தால் மேலே சொன்ன விளக்கும் பாட்டும் விலகி நிற்கும். எழுத்து வடிவின் குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மின்விசிறியை ஒரு மாதிரி 'ஃபேன்' என்றும் இன்னொன்று 'பேன்' என்றும் எழுதும். தலையில் உள்ளதை நிறுத்தச் சொல்லி யாரும் கருவியிடம் கேட்கப்போவதில்லை என்பதால் இரண்டையும் தயங்காமல் ஒன்றாக்கலாம்.

ஒலி மடிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. சொல்முதல் ஹகரத்தை நீக்கினால் 'ஹால்', 'ஆல்' இரண்டும் முற்றிலும் ஒன்றாகிவிடும்; அத்தையின் சிக்கல் தீர்வதற்குப் பதில் நிலைபெற்றுவிடும். நாங்கள் கண்ட விடை எளியது. எங்கள் வீட்டில் யாரும் எல்லா விளக்குகளையும் 'ஆல் லைட்' என்று சொல்வதில்லை, 'எல்லா லைட்டும்' என்றுதான் சொல்கிறார்கள். எனவே பட்டியலிலிருந்து 'ஆல்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'ஹால்' என்ற பெயருக்கு 'ஆல்' என்பதை மாற்றுப் பெயராகச் சேர்த்தோம். ஆங்கிலக் கட்டளை மட்டும் தெரிந்த பழைய கருவியில் இதற்கு இடமில்லை. கட்டளைத் தொடர்களை நாமே எழுத இடம்கொடுக்கும் அமைப்புக்கு மாறிய பிறகே இது இயன்றது.

தமிழ்த் தொடரின் அமைப்பு இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. நம் கட்டளையில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. குரல் தேய்ந்து இறங்குவதும் அங்கேதான். பேச்சு முடிந்துவிட்டது என்று கருவி அவசரப்பட்டு முடிவு செய்தால், துண்டிக்கப்படுவது வினை. வயதானவர்கள் "அந்த... பெரிய ரூம்ல... ஃபேன..." என்று நிறுத்தி நிறுத்திப் பேசும்போது, 'நிறுத்து' என்ற சொல் வருவதற்குள் பதிவு முடிந்திருக்கும். மறுப்பும் நமக்கு விகுதியாகவே வருகிறது: 'போடாத' என்பதன் வால் நறுக்கப்பட்டால் எஞ்சுவது 'போடா', கருவி அதைப் 'போடு' என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே தமிழுக்கு அமைக்கும் கருவி, பொருள் வந்து வினை வராத தொடரைக் கேட்டால் இன்னும் சற்றுக் காத்திருக்கவும், அப்போதும் வராவிட்டால் "ஃபேனைப் போடவா, நிறுத்தவா?" என்று கேட்கவும் பழக வேண்டும். இந்தக் கேள்விக்கு இரண்டே விடைகள் என்பதால் மறுபடி தவறாகக் கேட்கும் வாய்ப்பும் குறைகிறது. வினையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'ப்பா', 'ம்மா', 'டா' ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ஒப்பிடுவதும் இந்தக் கட்டத்தின் வேலை.

வினைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு, அதை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். 'ஆன் பண்ணு', 'ஆஃப் பண்ணு' என்ற தொடர்களில் வேறுபாடு முழுவதும் நடுவிலுள்ள ஒரு மெய்யில் தொங்குகிறது. 'போடு', 'நிறுத்து' என்பவற்றுக்கு இடையே பொதுவான ஒலி ஏறத்தாழ இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் 'ஆஃப் பண்ணு' என்றே பழகியவர்கள் என்பதால் கருவி அதையும் ஏற்றாக வேண்டும். ஆனால் இரைச்சலான நேரத்தில் எதைச் சொன்னால் நல்லது என்பதைக் குழந்தைகள் விரைவில் கண்டுகொண்டார்கள்.

பொருத்தும் நிரல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் தரும். முதலிடம் பெற்றதை அப்படியே செய்துவிடுவதுதான் பொதுவாகக் காணப்படும் தவறு. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் 'சின்ன ரூம்', 'கிச்சன்' இரண்டும் இப்படி மோதிக்கொண்டன. கதவுக்கு அப்பாலிருந்து சொன்னால் 'கிச்சன்' என்பதன் முதல் அசை கரைந்து 'ச்சன்' மட்டும் மிஞ்சும். பட்டியலில் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும் தீராத இந்த மோதல், சின்ன ரூமைப் 'பின் ரூம்' என்று பெயர் மாற்றியதும் தீர்ந்தது. 'படி லைட்', 'மாடி லைட்' என்ற இணையையும் அவ்வாறே பிரித்தோம். நிறுவ வரும் ஆள் 'பெட்ரூம் 1', 'பெட்ரூம் 2' என்று எழுதிவிட்டுப் போகும் பெயர்களை வீட்டில் யாரும் ஒருநாளும் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும்.

எண்களுக்குத் தனிக் காவல் வேண்டும். 'ஆறு' என்பது 'நூறு' என்று கேட்டால் தொலைக்காட்சியின் ஒலி தெருவையே எழுப்பிவிடும். ஏசியின் வெப்பநிலை வழக்கமாக 16-க்கும் 30-க்கும் இடையே மட்டுமே அமையும் என்பதால், 'நாலு' என்று கேட்டதைக் கருவி தானாக 24 என்று ஊகிக்கலாம். ஒலி அளவை ஒரே கட்டளையில் இருபது படிகளுக்கு மேல் உயர்த்துவதில்லை என்று ஒரு வரம்பும் வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, பிழையின் விலையைப் பொருளுக்குப் பொருள் வேறாக வைப்பது. விளக்கு தவறாக எரிந்தால் மறுபடி ஒரு சொல் போதும். மோட்டார் அப்படியன்று. கீழ்த் தொட்டியில் மெட்ரோ வாட்டர் தண்ணீர் வராத நாளில், தவறாகக் கேட்ட ஒரு சொல்லால் மோட்டார் ஓடத் தொடங்கினால், அது வெற்றாக ஓடிக் காயில் எரிந்துவிடும். பிறகு ரீவைண்டிங் கடைக்கு அலைய வேண்டும். ஒரே மோட்டாரிலும் இரு திசைகளுக்கு இரு அளவுகோல் தேவைப்படுகிறது: 'நிறுத்து' என்பதைப் பாதி கேட்டாலும் கீழ்ப்படியலாம், 'போடு' என்பதை முழுதாகக் கேட்டாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். மே மாத இரவில் குழந்தை தூங்கும் அறையின் ஃபேனுக்கு இது தலைகீழ். போடுவதால் கெடுதல் இல்லை, நிறுத்துவதற்குத்தான் தயங்க வேண்டும். கடையில் வாங்கும் கருவிகளில் இத்தகைய சாய்வைப் பொருள்வாரியாக அமைக்க நான் வழி கண்டதில்லை.

உறுதி செய்யும் முறைக்கு எங்கள் பகுதிக்குப் பழக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. ரயில்வேயில் அடுத்தடுத்த நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் வண்டிக்கு அனுமதி கொடுக்கும்போது 'பிரைவேட் நம்பர்' எனப்படும் தனி எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். வெறும் 'சரி' என்ற சொல்லை நம்பி வண்டியை விடுவதில்லை. வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் மோட்டாருக்கான உறுதிமொழி 'ஆமாம்' என்ற எளிதில் கேட்டுவிடும் சொல்லாக இல்லாமல் "மோட்டார் ஓடட்டும்" என்பது போன்ற நீண்ட தொடராக இருந்தால் தொலைக்காட்சிக்கு அதைச் சொல்லிவிடும் வாய்ப்பு இருக்காது. மற்றப் பொருள்களுக்குக் கேள்வி கேட்டு நச்சரிப்பதைவிட, "பின் ரூம் லைட் போட்டாச்சு" என்று செய்ததைப் பெயரோடு சொல்வதே போதும். பெயரின்றி 'சரி' என்று மட்டும் சொல்லும் கருவி, தன் தவறைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை நமக்குத் தருவதில்லை.

இந்த இடத்தில் சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் உள்ள பெரிய மொழி மாதிரிகளைப் பற்றிக் கேள்வி எழும். 'மாட்டற நிறுத்து' என்று சிதைந்து வந்த எழுத்தைப் பார்த்து மோட்டார் என்று ஊகிப்பதில் அவை கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. ஆயினும் அவற்றை முதல் காவலாக வைப்பதை நான் விரும்பவில்லை. ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பதை அவை குரலில் காட்டிக்கொள்வதில்லை. வெளியே அனுப்பி விடை பெறும் தாமதமும் விளக்குக்கு அதிகம். பட்டியல் பொருத்தத்தில் எதுவும் தேறாதபோது, வீட்டுப் பொருள்களின் பெயர்களுக்குள்ளேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் தேர்ந்தெடுக்க முடியாதபோது மறுக்கவும் மட்டும் அனுமதித்து அவற்றிடம் கொடுக்கலாம்.

கருவி தன் தவறிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு மறுப்பு இருக்க முடியாது. ஒரு கட்டளைக்குப் பின் பத்து விநாடிக்குள் அதே குரல் அதே போன்ற தொடரைத் திரும்பச் சொன்னால், முதலில் செய்தது தவறு என்று பொருள். மறுபடி அதையே செய்யாமல் இரண்டாமிடத்தில் இருந்ததை முயல வேண்டும். "அது இல்ல" என்றால் செய்ததைத் திரும்பப் பெற வேண்டும். அவ்வாறு திருத்தப்பட்ட எழுத்துகளை ஒரு குறிப்பேட்டில் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் உட்கார்ந்து பார்த்து மாற்றுப் பெயர்களாக ஏற்றுகிறேன். தானாக ஏறிக்கொள்ளும்படி விட்டபோது பட்டியல் வீங்கி, புதிய பெயர்கள் பழைய பெயர்களோடு மோதத் தொடங்கின. ஒருமுறை பக்கத்து வீட்டுத் தொடரின் பாத்திரப் பெயர் ஒன்று எங்கள் மாடி விளக்குக்குப் பெயராகியிருந்தது. இப்போது குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உள்ளன: செய்யாமல் விட்டவை ஒன்று, தவறாகச் செய்தவை மற்றொன்று. முதல் பத்தி நீண்டுகொண்டுதான் இருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. இரண்டாம் பத்தியில் சென்ற மாதம் நான்கு வரிகள் இருந்தன. அவற்றுள் மூன்று, 'ஆறு' என்பதை 'நூறு' எனக் கேட்டவை.